பாம் பாப் பார்க்கப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

ஸ்கிப்பர் (Skipper) என்ற தடித்த உடம்பு வண்ணத்துப்பூச்சிகளில், சிங்கப்பூரில் நம் அடுக்குமாடி புளோக் வாசலிலேயே முட்டை முதல் சிறகு வரை பார்க்கக் கிடைப்பது பாம் பாப் (Palm Bob). தென்னை, குட்டி ஈச்சை, தொட்டியில் வைக்கும் பாம் (பனை வகைச் செடி) எல்லாமே அதன் புழுவுக்குச் சாப்பாடு. புதிதாக வருபவர்களும் இதில்தான் தொடங்குகிறார்கள், நாங்கள் அடித்த அதே கூத்துகளோடு. படம் மங்கல், வெளிச்சம் போதவில்லை என்பதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும்.

ஓலைச் சுருளைப் பிரிப்பது

இதற்குத்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. தெம்பனிஸில் ஓர் அக்கா காரிடாரில் குட்டி ஈச்சை வளர்க்கிறார். எங்களோடு வந்த தம்பி ஒருவர், அதில் புழு தனக்கு வீடாகச் சுருட்டி வைக்கும் ஓலைச் சுருள்களை ஒன்று விடாமல் பிரித்துவிட்டார். கேட்டால், "உள்ள இருக்கான்னு பார்த்தேண்ணே!"

இருந்தது. கூட்டுப்புழுவாகப் போகிற கட்டத்தில் இருந்தது. அந்த நேரத்தில் புழு ஓலையின் ஓரங்களைப் பட்டிழையால் இறுக்கித் தைத்து, உள்ளே வெள்ளை மெழுகுத்தூள் பூசி, தன்னையும் இழையால் கட்டிக்கொள்ளும். பிரித்தால் அத்தனையும் அறுந்துவிடும். இன்னொரு வீடு கட்டும் நிலையில் அப்போது அது இருக்காது. சாயங்கால மழையோ எறும்போ, எது முந்துகிறதோ அதற்கு இரை. சின்னப் புழுவாக இருந்தால் திரும்பக் கட்டும். ஆனால் தின்ன வேண்டிய நேரம் தையலிலேயே போய்விடும்.

ஸ்கிப்பர் புழுக்கள் பல, எச்சத்தைக்கூட வீட்டில் வைக்காமல் தூர வீசுகின்றன. வாடை பிடித்துக் குளவி வந்துவிடுமாம். அவ்வளவு உஷாரான ஜீவனை நாம் நகத்தால் காட்டிக்கொடுக்கிறோம்.

பார்க்கத்தான் வேண்டுமென்றால் ஓலைக்குப் பின்னால் போன் டார்ச்சைப் பிடியுங்கள், நிழல் தெரியும். பக்கத்து ஓலை விளிம்பில் புதுக் கடி இருந்தால் ஆள் வீட்டில் இருக்கிறார்.

மேல்சிறகை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பது

மேலே பார்த்தால் பாதி ஸ்கிப்பர்கள் பழுப்பில் வெண்புள்ளிதான். சிறகு மூடியதும் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். பின்சிறகின் அடிப்பக்கம் சாம்பல் கலந்து, கரும்புள்ளிகள் இருந்தால் பாம் பாப். செம்பழுப்பில் வெள்ளிப் புள்ளிகள் என்றால் செஸ்ட்நட் பாப். அதைப் புல்லிலும் மூங்கிலிலும் தேடுங்கள்.

தடித்த உடம்பா, அப்போ அந்துப்பூச்சி

உணர்கொம்பின் நுனி கொக்கியாக வளைந்திருக்கிறதா பாருங்கள். வளைந்திருந்தால் ஸ்கிப்பர்.

புழுவுக்குப் புல் போடுவது

தின்னாது. செத்துப்போகும்.

தேசியப் பூங்காவில், இயற்கை வனப்பகுதியில் புழுவை ஓலையோடு பறிப்பது

சட்டப்படி குற்றம்.