உப்பு லோடு அடிக்கும் பழைய லாரியின் சேசிஸைத் துருவிலிருந்து காப்பாற்றுவது எப்படி

தூத்துக்குடி உப்பளங்களுக்கு ஓடுகிற லாரி, நாகப்பட்டினம், ராமேஸ்வரம் பக்கம் ஐஸ் பெட்டியோடு மீன் ஏற்றுகிற வண்டி, இந்த இரண்டுக்கும் எஞ்சினுக்கு முன்னால் வயசாவது சேசிஸ்தான், அதாவது மொத்த வண்டியையும் தாங்குகிற இரும்பு அடிச்சட்டம். எஞ்சினைப் பிரித்துப் போரிங் போடலாம், கியர் பாக்ஸை மாற்றலாம். சேசிஸ் இற்றுப்போனால் வண்டியை எடைக்குப் போடுவதைத் தவிர பெரிதாக வழியில்லை. அப்படியிருந்தும் 8 வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வரும்போது பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான்: ஒரு வாட்டர் சர்வீஸ், மேலே ஒரு கை கறுப்பு பெயின்ட். துருவும் உப்பும் உள்ளே இருக்க மேலே அடிக்கிற பெயின்ட் அதை மூடிவைக்கிறது, அவ்வளவுதான். அடுத்த வருஷம் அந்த இடம் உப்பி, தட்டினால் கையளவு பொருக்காகக் கழன்று விழும்.

உப்பு ஏன் இவ்வளவு மோசம் என்று முதலில் பார்த்துவிடலாம். சாப்பாட்டு உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடற்கரை ஊர்களில் ராத்திரி நேரத்தில் ஈரப்பதம் அதற்கு மேல் போவது சர்வ சாதாரணம். அதனால் மழையே பெய்யாத மாசத்திலும், நிறுத்திவைத்த வண்டியின் அடியில் உப்புத் தூள் ஒட்டிய இடமெல்லாம் ராத்திரி நனைந்து பகலில் காய்ந்து மறுபடி நனைகிறது. வண்டி ஓடவில்லையே, மழை இல்லையே என்று நிம்மதியாக இருக்க முடியாது.

எங்கே பார்ப்பது? பக்கவாட்டில் தெரிகிற முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது கடைசியில்தான் கெடும். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் வைக்கிற மரக்கட்டைக்குக் கீழே, லாங் மெம்பரின் (சேசிஸின் நீளவாட்டு இரும்பு) மேல் விளிம்பில், கட்டை உப்புத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் இரும்பை நனைத்துக்கொண்டே இருக்கும். அடுத்தது கீழ் விளிம்பின் உள்பக்கம், அங்கே மண்ணும் கிரீஸும் உப்பும் சேர்ந்து கெட்டியாகப் படிந்திருக்கும். பின் சக்கரத்துக்கு நேர் மேலே, ஸ்பிரிங்கைச் சேசிஸோடு மாட்டுகிற ஹேங்கர் பிராக்கெட்டுக்குப் பின்னால், பேட்டரி பெட்டிக்கு அடியில், குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர் வந்து சேருகிற மூலைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். சேசிஸை இரட்டைத் தகடாகப் போட்டிருக்கும் வண்டிகளில் இரண்டு தகட்டுக்கும் நடுவே துரு புகுந்தால் இன்னும் ஆபத்து. இரும்பை விட துருவுக்குப் பல மடங்கு இடம் வேண்டும், அது உள்ளே வளர வளர தகட்டை வெளியே தள்ளி, தகடுகளைப் பிணைக்கிற ரிவெட்டையே இழுத்துவிடும். ரிவெட் தலையின் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வழிந்திருந்தால் அந்த ரிவெட் தளர்ந்து ஆடுகிறது என்று பொருள், அதைத் துடைத்துவிட்டு பெயின்ட் அடிப்பது உங்களையே ஏமாற்றிக்கொள்வது.

ஒரு சின்னச் சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும், அரித்த இடத்தில் சத்தம் செத்துப்போகும். செத்த இடத்தில் பொருக்கை உதிர்த்துவிட்டுத் தகட்டின் கனத்தை வெர்னியரில் அளந்து, அதே வண்டியில் நல்ல இடத்தின் கனத்தோடு ஒப்பிடுங்கள். லேசாகக் குறைந்திருந்தால் இங்கே சொல்கிற வேலை போதும். கால்வாசி கனம் போய்விட்டது, குழி ஓட்டையாகும் நிலை, அல்லது விளிம்பில் வெடிப்பு தெரிகிறது என்றால் பெயின்டைப் பற்றி யோசிக்காமல் நேரே சேசிஸ் வேலை தெரிந்த பட்டறைக்குப் போங்கள்.

வேலைக்கு ஏற்ற காலம் தூத்துக்குடிப் பக்கம் என்றால் வடகிழக்கு மழை தொடங்குவதற்கு முன், செப்டம்பர் வாக்கில். தரை சமமான இடத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். வெறும் ஜாக்கை மட்டும் நம்பி அடியில் நுழையவே கூடாது, கனமான ஸ்டாண்டோ கட்டையோ கொடுத்த பிறகுதான். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். டீசல் டேங்க், ஏர் பிரேக்கின் நைலான் ட்யூப், வயரிங் இவற்றின் பக்கத்தில் கிரைண்டர் பொறி படக்கூடாது, கழற்ற முடிந்ததைக் கழற்றுங்கள், முடியாததை நனைத்த சாக்கால் மூடுங்கள்.

முதலில் பொருக்கைச் சுத்தியலாலும் ஸ்கிரேப்பராலும் தட்டி உதிர்க்க வேண்டும், அதன் பிறகு கிரைண்டரில் கம்பி பிரஷ். எடுத்த எடுப்பிலேயே கம்பி பிரஷ் போட்டால் துரு பளபளவென்று மெருகேறி இரும்பு மாதிரியே தெரியும், ஏமாந்துவிடுவீர்கள். கல் டிஸ்கை விட்டுவிடுங்கள், அது நல்ல இரும்பையும் சேர்த்துத் தின்னும். அப்புறம் மிக முக்கியமான ஒன்று, சேசிஸில் பொறித்திருக்கும் நம்பர். அந்த இடத்தில் கிரைண்டரே போகக்கூடாது. கையால் மெதுவாகத் தேய்த்து லேசாகக் கிரீஸ் தடவி விடுங்கள். நம்பர் அழிந்துபோனால் எஃப்.சி.யிலும் வண்டியை விற்கும்போதும் நீங்கள் படப்போகிற பாட்டுக்கு அளவே இருக்காது.

இதற்கடுத்த கட்டத்தைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். உப்பைக் கழுவுவது. துரு போய்விட்டது, இரும்பு தெரிகிறது என்று உடனே பிரைமர் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்தால், குழிகளுக்குள் தங்கிய உப்பு பெயின்டுக்கு அடியிலிருந்தே வேலை செய்யும். பிரஷரில் கீழிருந்து மேலாக, இரண்டு மூன்று முறை கழுவுங்கள். ஆனால் எந்தத் தண்ணீர்? கடலோர ஊர்களில் பல வாட்டர் சர்வீஸில் போர் தண்ணீரே உவர்ப்பாக இருக்கும், அதில் கழுவுவது உப்பை எடுத்துவிட்டு உப்பைப் பூசுவது. கடைசிக் கழுவலுக்காவது நல்ல தண்ணீர் ஒரு பேரல் வாங்கிவையுங்கள். கழுவிக் காய்ந்ததும் ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். காலையில் குழிகளில் மட்டும் ஈரம் பூத்து கருப்பாகவோ ஆரஞ்சாகவோ புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது, மறுபடி பிரஷ் போட்டுக் கழுவ வேண்டியதுதான். அலுப்பான வேலைதான், ஆனால் மொத்த வேலையின் ஆயுளும் இதில்தான் இருக்கிறது. வாட்டர் சர்வீஸில் கழுவி முடித்து டீசல் ஸ்பிரே அடிக்கிறேன் என்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டீசல் பட்ட இரும்பில் எந்த பெயின்டும் பிடிக்காது.

துரு கன்வெர்ட்டர் என்று கடையில் விற்பது பெரும்பாலும் பாஸ்பாரிக் அல்லது டேனிக் அமிலம் கலந்தது. மெல்லிய, கெட்டியாக ஒட்டிய துருவைக் கருப்பான ஒரு படலமாக மாற்றும், பொருக்கின் மேல் தடவினால் ஒன்றுக்கும் உதவாது. அதற்கு மேல் என்ன பிரைமர் ஒத்துப்போகும் என்று டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அமிலம் மிச்சமிருக்கும் பரப்பில் பல எபாக்சி பிரைமர்கள் சரியாக இறுகாது. என்னைக் கேட்டால், காசு கொஞ்சம் கூடினாலும் இரும்பை நன்றாகச் சுத்தம் செய்து நேரடியாக இரண்டு பேக் எபாக்சி பிரைமர் (இரண்டு டப்பாவில் வருவதைக் கலந்து அடிப்பது) போடுவதே மேல். வெறும் ரெட் ஆக்சைடு பிரைமரை மட்டும் அடித்துவிட்டு நிறுத்தாதீர்கள், அது ஈரத்தை உள்ளே விடும், மேல் பெயின்ட் கட்டாயம் வேண்டும். ஜிங்க் நிறைந்த பிரைமர் நல்ல சரக்குதான், ஆனால் துருவே இல்லாத வெறும் இரும்பைத் தொட்டால்தான் அது வேலை செய்யும், கையால் தேய்த்த சேசிஸுக்கு அது வீண் செலவு.

பனி ஈரம் காய்ந்த பிறகு, வெயில் சுடுவதற்கு முன், காலை நேரத்தில் பெயின்ட் அடியுங்கள். விளிம்பு, ரிவெட் தலை, வெல்டிங் ஓரம், இந்த இடங்களுக்கு முதலில் பிரஷால் தனியாக ஒரு கை கொடுத்துவிட்டுப் பிறகு மொத்தமாக அடிக்க வேண்டும், கூரான இடத்தில் பெயின்ட் மெலிந்து நிற்பதால் துரு அங்கேதான் முதலில் தொடங்கும். ஸ்பிரிங் பட்டைகள், ரப்பர் புஷ், கிரீஸ் நிப்பிள், பிரேக் சேம்பர் ஆகியவற்றின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தார் மாதிரியான அண்டர் கோட்டிங்கை நான் பழைய வண்டிக்குச் சொல்லமாட்டேன், ஒரு இடத்தில் வெடித்தால் தண்ணீர் அதற்குள் புகுந்து வெளியே வராமல் நிற்கும், கண்ணுக்கும் தெரியாது.

இரட்டைத் தகட்டின் நடுவிலும் பிராக்கெட் பின்னாலும் பிரஷ் போகாது. அங்கே மெழுகு அல்லது லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) கலந்த ஸ்பிரேயை நீளக் குழாயால் உள்ளே அடித்து, மறுபக்கம் கசியும் வரை விடுங்கள். கழிவு ஆயிலைத் தடவுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அது ரப்பரைக் கெடுக்கும், தூசியைப் பிடிக்கும், முதல் மழையில் கழன்று மண்ணிலும் கிணற்றிலும் போய்ச் சேரும். அதை விட்டுவிடுவதே நல்லது.

பட்டறையில் தகடு வைத்து ஒட்ட வேண்டி வந்தால் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். ஒட்டுத் தகட்டின் முனையை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டச் சொல்லுங்கள், மேல் கீழ் விளிம்புகளின் குறுக்கே வெல்டிங் ஓடவே கூடாது. அப்படி ஓடினால் வெல்டிங் ஓரத்திலேயே சேசிஸ் வெடிக்கும். பல வண்டிகளின் சேசிஸ் அதிக வலுவுள்ள எஃகு, சூடு பட்டால் அதன் பலமே போகும், அதனால் கம்பெனி வெல்டிங் கூடாது என்று சொல்லியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, லாங் மெம்பரின் நின்றவாக்கிலான பக்க முகத்தில் துளை போட்டு இறுக்கமாகப் பொருந்தும் போல்ட்டால் முடுக்குவதே பல இடங்களில் சரி.

அப்புறம் பராமரிப்பு. உப்பு லோடு இறக்கியதும் தார்ப்பாயை உதறுவதோடு நிற்காமல் வாரம் ஒரு முறையாவது அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், பாடியின் பலகை இடுக்கில் உப்பு கொட்டுகிற ஓட்டைகளை அடைத்துவிடுங்கள், மீன் வண்டி என்றால் ஐஸ் தண்ணீர் சேசிஸ் மேல் சொட்டாமல் வெளியே போக ஒரு குழாய் வையுங்கள். ஏர் பிரேக்கின் காற்று டேங்கில் தேங்கும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடுங்கள், அந்த டேங்கும் உள்ளிருந்து துருப்பிடிக்கிற இரும்புதான். பாடியை எப்போது இறக்கினாலும் அடிக்கட்டையை மாற்றி, சேசிஸின் மேல் விளிம்புக்கு பெயின்ட் கொடுத்துவிட்டே ஏற்றுங்கள். பெயின்டில் கல் தெறித்த புள்ளி தெரிந்தால் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் அன்றைக்கே தேய்த்து, ஒரு சொட்டு பிரைமரும் பெயின்டும் தொட்டு வைத்துவிடுங்கள்.