இளவரசனுக்கும் ஆட்சியாண்டு உண்டு: சோழர் பட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராஜராஜன் பிறந்த ஐப்பசிச் சதயத்துக்குத் தஞ்சாவூரிலும், அவன் மகன் ராஜேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரைக்குக் கங்கைகொண்ட சோழபுரத்திலும் கட்டப்படும் பதாகைகளைப் படித்துப் பாருங்கள். நம் ஊர்க் கோயில்கள் வெளியிடும் குடமுழுக்கு மலர்களையும் புரட்டுங்கள். அரசர்களைப் பற்றி எழுதும்போது ஓரளவு கவனமாகவே இருக்கிறோம். பட்டத்துக்கு உரியவனாக இருந்தவனைப் பற்றி எழுதும்போதுதான் சறுக்கிவிடுகிறோம். இளவரசன் என்றால் தந்தை கண்மூடும்வரை காத்திருக்கும் மூத்த மகன் என்று கதைகள் நம்மைப் பழக்கிவிட்டன. பிற்காலச் சோழர்களிடம் நடைமுறை வேறு. இளவரசுப் பட்டம் கட்டப்பட்டவனுக்கு அப்போதே ஒரு 'கேசரி'ப் பட்டமும், சொந்தமாக ஆட்சியாண்டுக் கணக்கும் வந்துவிடும். இந்த ஒன்றை மறப்பதால் வருபவைதான் பெரும்பாலான பிழைகள்.

முதலில் ஆண்டுக் கணக்கு. முதலாம் ராஜராஜன் 985 முதல் 1014 வரை, முதலாம் ராஜேந்திரன் 1012 முதல் 1044 வரை என்று வரலாற்று நூல்களில் இருக்கும். இதைப் பார்த்ததும் அச்சுப் பிழை என்று நினைத்து 1012 என்பதை 1014 என்று திருத்திவிடும் அன்பர்கள் நம்மிடையே நிறைய. அது பிழையன்று. 1012இல் தந்தை இருக்கும்போதே ராஜேந்திரன் ஆட்சியில் பங்கேற்றான். அவனுடைய கல்வெட்டுகள் அந்த ஆண்டையே முதல் ஆண்டாகக் கொள்கின்றன. கடாரம் கொண்ட செய்தி அவனுடைய 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில் வருகிறது. 1012ஐ ஒன்று என்று எண்ணினால் 14 என்பது 1025. 'திருத்திய' கணக்குப்படி எண்ணினால் கப்பற்படை இரண்டு ஆண்டு தாமதமாகக் கிளம்பும்.

ராஜேந்திரனின் மகன் முதலாம் ராஜாதிராஜன் விஷயத்தில் இந்தத் தவறு இன்னும் பெரிதாகிறது. தந்தை மறைந்தது 1044இல், இவன் சாளுக்கியருடன் நடந்த கொப்பத்துப் போரில் இறந்தது 1054இல். ஆகவே பத்து ஆண்டு ஆட்சி என்று எழுதிவிடுகிறோம். பிறகு ஏதாவது ஒரு கோயிலில் அவனுடைய முப்பதாம் ஆண்டுக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு, கல்தச்சன் தவறாக வெட்டிவிட்டான் என்று பழியை அவன்மேல் போடுகிறோம். கல்தச்சன் சரியாகத்தான் வெட்டினான். 1018இலேயே ராஜாதிராஜனுக்கு இளவரசுப் பட்டம் கட்டியாகிவிட்டது. அவனுடைய கல்வெட்டுகள் 36ஆம் ஆண்டுவரை கிடைக்கின்றன. அதில் முதல் இருபத்தாறு ஆண்டுகள் தந்தையோடு சேர்ந்து ஆண்டவை. தனியாக ஆண்ட காலத்தைப்போல இரண்டரை மடங்கு காலம் அவன் 'இளவரசன்'.

அடுத்து, ராஜகேசரி, பரகேசரி. இவை பெயர்கள் அல்ல, முறைவைத்து மாறிமாறி வரும் பட்டங்கள். விஜயாலயன் பரகேசரி, மகன் முதலாம் ஆதித்தன் ராஜகேசரி, அவன் மகன் முதலாம் பராந்தகன் பரகேசரி என்று போகும். கல்வெட்டில் 'கோப்பரகேசரி' (கோ என்றால் அரசன்) என்று மட்டும் இருந்தால், நம் ஊருக்கு வேண்டிய அரசனை அங்கே உட்காரவைத்துவிடுவது வழக்கமான தவறு. நுட்பமான தவறு வேறொன்று உண்டு. அரியணையில் ஏறியவர்களை மட்டும் எண்ணிக்கொண்டு போய், எங்கோ முறை தப்பிவிட்டது என்று குழம்புவது. பட்டத்து இளவரசனையும் சேர்த்து எண்ணினால் குழப்பம் தீரும். சுந்தர சோழன் ராஜகேசரி. அவன் மகன் ஆதித்த கரிகாலன் பரகேசரியாகப் பட்டம் பெற்று, தந்தைக்கு முன்பே கொலையுண்டான். பின்னர் அரசனான உத்தம சோழனும் பரகேசரிதான். இதே கதை மறுபடியும் நடந்தது. இரண்டாம் ராஜேந்திரன் பரகேசரி. அவன் மகன் ராஜமகேந்திரன் ராஜகேசரியாக இளவரசுப் பட்டம் கட்டப்பட்டு, தந்தை இருக்கும்போதே மறைந்தான். அவனுடைய இடத்துக்கு வந்த வீரராஜேந்திரனும் ராஜகேசரியே. இளவரசன் போனாலும் அவனுடைய முறை போகவில்லை. அந்த இடத்தில் வந்து நின்றவனுக்கு அப்படியே கிடைத்தது. சோழர் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இது.

இதைக் கல்லிலேயே பார்க்க விரும்புகிறவர்கள் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலுக்குப் போகலாம். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்ததைப் பற்றிய புகழ்பெற்ற கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. தொடக்கத்தில் 'ராஜகேசரிவர்மர்க்கு யாண்டு 2ஆவது' என்றுதான் இருக்கும். அரசன் பெயர் இல்லை. ராஜகேசரிகள் பலர் உண்டு. கண்டராதித்தனும் சுந்தர சோழனும்கூட ராஜகேசரிகள்தாம். ஆனால் அவர்களுடைய இரண்டாம் ஆண்டில் இந்தக் கொலையே நடக்கவில்லை. கொலைக்குப் பின் ஆண்ட உத்தம சோழன் பரகேசரி. அவனுக்கு அடுத்த ராஜகேசரி முதலாம் ராஜராஜன். ஆக, கல்வெட்டின் காலம் 986-87. இறந்தவனை அந்தக் கல்வெட்டு இளவரசன் என்று சொல்வதில்லை, பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழன் என்றுதான் சொல்கிறது. ஆதித்தனின் சொந்தக் கல்வெட்டுகளும் 'வீரபாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி' என்று தொடங்கி, ஐந்தாம் ஆட்சியாண்டுவரை செல்கின்றன. 'முடிசூடாமலே மறைந்தான்' என்று மேடையில் உருகுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

அதே கல்வெட்டில் குற்றவாளிகளில் ஒருவனான ரவிதாசனுக்குப் 'பஞ்சவன் பிரம்மாதிராஜன்' என்று பட்டம். 'அதிராஜன்' என்று இருப்பதால் அரச குலம் என்று எண்ணிவிடக் கூடாது. பிராமண அதிகாரிகளுக்கு அரசு தந்த பட்டம் அது. தஞ்சைப் பெரிய கோயிலில் ஸ்ரீகாரியம், அதாவது கோயில் நிர்வாகம், பார்த்த ஆதித்தன் சூரியனுக்குத் 'தென்னவன் மூவேந்தவேளான்' என்று பெயர் இருப்பதைப் பார்த்து, அவரைப் பாண்டிய இளவரசராக்கிவிடுவோரும் உண்டு. மும்முடிச்சோழன் என்பது ராஜராஜனின் பட்டம். அவனுடைய சேனாபதி கிருஷ்ணன் ராமனோ 'மும்முடிச்சோழ பிரம்மராயன்'. அரசன் பெயரை முன்னொட்டாகச் சூடியவன் அரசனின் பிள்ளை அல்லன், ஊழியன்.

உண்மையான அரசப் பிள்ளைகளைக் கல்வெட்டு எளிமையாகப் 'பிள்ளையார்' என்று குறிக்கும். பராந்தகன் காலத்துப் 'பிள்ளையார் ராஜாதித்த தேவர்' அவனுடைய மகன். விநாயகர் சந்நிதிக்குக் கொடை என்று மலரில் போட்டுவிடாதீர்கள். தஞ்சைக் கல்வெட்டுகளில் வாழைப்பழம் பெறும் 'பிள்ளையார் கணபதியார்' மட்டும் நிஜமாகவே விநாயகர்.

ஒரே பெயரும் ஒரே அடைமொழியும் இருவருக்கு இருப்பது இன்னொரு பள்ளம். மதுராந்தகன் என்பது உத்தம சோழனுக்கும் பெயர், ராஜேந்திரனின் இயற்பெயரும் அதுவே. 'யானைமேல் துஞ்சியவர்', அதாவது யானைமீது இருந்தபடியே போரில் இறந்தவர் என்ற அடைமொழி பெற்றவர்களும் இருவர். ஒருவன் 949இல் தக்கோலத்தில் விழுந்த ராஜாதித்தன். தந்தை பராந்தகன் அப்போது உயிரோடு இருந்தான். மற்றவன் கொப்பத்தில் விழுந்த ராஜாதிராஜன்.

மூத்த மகனுக்குத்தான் பட்டம் என்ற நம்பிக்கையையும் விட்டுவிட வேண்டும். உத்தம சோழன், பின்னர் ராஜராஜன் ஆன அருமொழியை இளவரசனாக்கிவிட்டுத் தான் ஆண்டான் என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். உத்தமனின் சொந்த மகன் மதுராந்தகன் கண்டராதித்தனோ ராஜராஜன் ஆட்சியில் கோயில் கணக்குகளை விசாரிக்கும் அதிகாரியாக இருந்தான். ராஜாதிராஜன் தன் பிள்ளைகளை விட்டுத் தம்பியைத் தேர்ந்தெடுத்தான். அந்தத் தம்பி இரண்டாம் ராஜேந்திரன் கொப்பத்துப் போர்க்களத்திலேயே முடிசூடினான்.

மதுரையில் சோழ பாண்டியன் என்ற பட்டத்தோடு ஆண்ட இளவரசர்களையும், சோழ கங்கன், சோழ கேரளன் என்ற பட்டம் பெற்றவர்களையும் அடுத்த சோழ அரசர்கள் என்று எழுதக் கூடாது. அவை மண்டலத்தை ஆளும் பொறுப்பைக் காட்டுபவை. முதலாம் குலோத்துங்கன் ஆந்திரப் பகுதியான வேங்கிக்குத் தன் பிள்ளைகள் பலரை ஒருவர்பின் ஒருவராக அனுப்பினான். 1118இல் அழைத்து இளவரசுப் பட்டம் கட்டியது அவர்களுள் விக்கிரம சோழனுக்கு மட்டும்.

சோழர் கணக்கைத் தஞ்சை மராட்டியர்மேல் ஏற்றுவது கடைசித் தவறு. தஞ்சை மராட்டிய அரசர் துளஜா 1787இல் சரபோஜியைத் தத்தெடுத்துவிட்டு மறைந்தார். அரியணையில் அமர்ந்தவர் அமர்சிங். சரபோஜி அரசரானது 1798இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளை அவருடைய ஆட்சியில் சேர்க்கக் கூடாது. இங்கே வாரிசாக இருந்த காலத்துக்கு ஆட்சியாண்டு கிடையாது. அவர் மகன் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி மறைந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி அரசையே எடுத்துக்கொண்டது. அதற்குப் பிந்தைய தலைமுறையினரை 'இளவரசர்' என்று அழைப்பது ஊர் மரியாதை. மலரில் அவர்கள் பெயரை அச்சிடும்போது 'பரம்பரை அறங்காவலர்' என்று போட்டால் போதும். அரண்மனை தேவஸ்தானத்தின் 88 கோயில்களுக்கு அந்தப் பொறுப்பு இன்றும் நடைமுறையில் இருக்கிறது.