சென்னைக் கார், ஆந்திர ரோடு: இன்சூரன்ஸில் எங்கே கோட்டை விடுகிறோம்?

திருப்பதிக்கோ பெங்களூருக்கோ காரில் கிளம்பும்போது பலருக்கும் வரும் சந்தேகம்: தமிழ்நாட்டில் போட்ட இன்சூரன்ஸ் அங்கே செல்லுமா? செல்லும். கார் பாலிசி இந்தியா முழுவதற்கும் பொருந்தும். ஆந்திர எல்லையிலுள்ள தடாவைத் தாண்டுவதற்கென்று தனியாக எதுவும் எடுக்க வேண்டியதில்லை.

கிளெய்ம் கெட்டுப்போவது விபத்து நடந்த பிறகு நாம் செய்யும் காரியங்களால்தான். சூளூர்பேட்டை பக்கம் ஒரு பைக்கை இடித்துவிட்டோம் என்று வையுங்கள். பாஷை தெரியாது, கூட்டம் கூடிவிட்டது. "தப்பு என் மேலதான்" என்று சொல்லி, கையிலிருக்கும் பணத்தைக் கொடுத்து, மீதியைச் சென்னைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்துவிடுகிறோம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கம்பெனியின் எழுத்துமூல சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளவோ பணம் தரவோ கூடாது என்பது பாலிசியிலேயே இருக்கும் நிபந்தனை. கொடுத்த பணம் திரும்பி வராது. பின்னால் கேஸ் வந்தால் அதுவே சிக்கலாகும்.

யாருக்காவது அடிபட்டிருந்தால் முதலில் ஆஸ்பத்திரி, அதில் யோசிக்கவே வேண்டாம். அப்புறம் அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனில் முடிந்தவரை சீக்கிரம், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு இதை ஓட்டுநரின் கடமையாக்கியிருக்கிறது. வண்டியை நகர்த்தும் முன் நம்பர் பிளேட்டுகள் தெரியும்படி படம் எடுங்கள். அங்கிருந்தே கம்பெனிக்குப் போன் செய்து கிளெய்ம் நம்பர் வாங்கிவிடுங்கள். கேஷ்லெஸ் வசதி (ரிப்பேர் பில்லைக் கம்பெனியே நேரடியாகக் கட்டுவது) உள்ள வொர்க்‌ஷாப் பக்கத்தில் எது என்பதையும் அதே போனில் கேளுங்கள். வேறு இடத்தில் விட்டால் முதலில் நீங்கள் பணம் கட்டி, பிறகுதான் வாங்க முடியும்.

தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அது எதிராளியின் நஷ்டத்துக்கு. உங்கள் காரின் டிங்கரிங் செலவு உங்களுடையதுதான்.

சொந்த உபயோகத்துக்கான ஒயிட் போர்டு காரில் வாடகைக்கு ஆள் ஏற்றிப் போனால் கம்பெனி கிளெய்மை மறுக்கலாம். தெரிந்தவர்தானே என்று இதில் அலட்சியம் வேண்டாம்.

வேலைக்காகப் பெங்களூரில் குடியேறி, டி.என். நம்பரிலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டுவதும் தவறு. 12 மாதத்துக்கு மேல் அங்கேயே வண்டி இருந்தால் கர்நாடகப் பதிவுக்கு மாற்ற வேண்டும். மாற்றியதும் புதிய நம்பரைப் பாலிசியிலும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

நேபாளம், பூட்டான் வரை ஓட்டிப் போகிறவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. கூடுதல் பிரீமியம் கட்டி, அந்த நாட்டையும் கிளம்பும் முன்பே பாலிசியில் சேர்க்க வேண்டும்.