பழைய பிரிட்டிஷ் கார்களில் பணத்தைத் தின்னும் பிழைகள்

எம்ஜி நிறுவனத்தின் எம்ஜிபி என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெயிண்டையும் குரோமையும் பார்க்கிறார்கள். எஞ்சினை ஓட விட்டுக் காது கொடுக்கிறார்கள். அந்தக் காரில் முதலில் பார்க்க வேண்டியது கதவின் பின்விளிம்புக்கும் பின்பக்க மட்கார்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 5 லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்ட இந்தக் காருக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. நிலையான கூரையில்லாத மாடலில் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பவை கதவுகளுக்குக் கீழே ஓடும் ‘சில்’ என்ற பெட்டித் தகரமும் தரையின் நடுவில் நீளமாக மேடிட்டிருக்கும் டனலும்தான். அந்தச் சில், வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என அடுக்கடுக்காக வெல்டு செய்யப்பட்டது. துரு உள்ளேதான் தொடங்கும். வெளித்தகட்டில் ஒரு கொப்புளம் கண்ணில் படும் நாளில் நடுத்தகடு பாதி போயிருக்கும். இடைவெளி மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தாலோ, கதவைத் தூக்கித்தான் சாத்த முடிகிறது என்றாலோ, கார் நடுவில் தொய்ந்துவிட்டது என்று பொருள்.

இந்தத் துருவை மறைப்பதற்கென்றே ஒரு பழக்கம் உண்டு. உளுத்துப்போன தகட்டின் மேலேயே புதிய வெளித்தகட்டைப் போர்த்தி வெல்டு செய்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து விற்றுவிடுவார்கள். ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சில் நெடுகவும் சக்கர வளைவின் ஓரத்திலும் நகர்த்திப் பார்த்தால் பட்டி கனமாக இருக்கும் இடத்தில் அது பிடிக்காது. அடிப்பக்கம் முழுவதும் கறுப்புத் தாரைப் போலப் புதிதாகப் பூசியிருந்தால், கார் நன்றாகப் பாதுகாக்கப்பட்டது என்று மகிழ்வதைவிட, எதற்காக இப்போது பூசினார்கள் என்று கேட்பது நல்லது. அந்தப் பூச்சு விரிசல் விட்ட இடத்தில் தண்ணீர் உள்ளே புகுந்து வெளியேற வழியில்லாமல் தேங்கும்.

வாங்கிய பிறகு நடக்கும் பிழை இதைவிட மோசமானது. காரை ஸ்டாண்டுகளில் தூக்கி நிறுத்தி, கதவுகளைக் கழற்றி, இரண்டு பக்கச் சில்லையும் ஒரே நேரத்தில் வெட்டி எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறார்கள். வெட்டிய கணத்திலேயே பாடி தன் எடையில் சற்று வளைந்துவிடுகிறது. வளைந்த நிலையிலேயே வெல்டு ஆகிவிடுகிறது. அதன்பின் எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது. கதவு வாயின் குறுக்கே இரும்புக் குழாயால் முட்டுக் கொடுத்து, ஒரு பக்கத்தை முடித்தபின்தான் மறுபக்கத்தைத் தொட வேண்டும். இறுதி வெல்டுக்கு முன் கதவை மாட்டிப் பார்க்க வேண்டும். பழைய அச்சுகளைக் கொண்டே பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988 முதல் எம்ஜிபியின் முழுப் பாடியைப் புதிதாகச் செய்து விற்றுவருகிறது. துண்டு துண்டாக ஒட்டுப்போட ஆகும் கூலியை அந்தப் பாடியின் விலையோடு முதலிலேயே ஒப்பிட்டுப் பார்க்காதவர்கள் பிற்பாடு வருந்துகிறார்கள்.

ஒரு காரில் கற்றதை அப்படியே அடுத்த காருக்குக் கொண்டு போவதும் இதே வகைப் பிழைதான். ஜொவான்னி மிக்கெலோட்டி வடிவமைத்து 1959இல் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. பானெட் முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். சென்னையை அடுத்த வண்டலூரில் கட்டப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இதன் உடன்பிறப்பு. இங்கிலாந்துக்காரர்களுக்குக் கிடைக்காத நான்கு கதவு ஹெரால்டு வண்டலூரில்தான் உருவானது. இந்தக் காரில் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்புக் காலின் அடிப்பகுதியில் மரை வெட்டப்பட்டிருக்கும். அது ‘ட்ரன்னியன்’ எனப்படும் வெண்கலக் கூட்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்கு ஈபி 90 கியர் ஆயில் செலுத்த வேண்டும். கிரீஸ் கன் கையில் இருக்கிறதே என்று கிரீஸை அடிப்பவர்கள் பலர். நாளடைவில் கிரீஸ் இறுகிக் கீழ் மரைக்குப் போவதற்கு வழியை அடைத்துவிடும். உள்ளே புகுந்த ஈரம் இரும்பை அரிக்கும். ஒருநாள் மெதுவாகத் திரும்பும்போது கால் முறிந்து சக்கரம் காரின் அடியில் மடங்கும். அலெக் இசிகோனிஸின் மோரிஸ் மைனரிலும் ட்ரன்னியன் தேய்ந்தால் சக்கரம் இப்படியே சரிந்துவிடும். ஆனால் அங்கே கையேடு கேட்பது கிரீஸைத்தான். எந்த ட்ரன்னியனுக்கு எது வேண்டும் என்று பார்வையால் சொல்ல முடியாது என்பதால்தான் அந்தந்தக் காரின் கையேட்டைப் பிரித்துப் பார்க்காமல் எதையும் ஊற்றக் கூடாது என்கிறேன்.

ஆயில் விஷயத்தில் இன்னும் சில பொறிகள் உண்டு. எம்ஜிபியின் கியர்பாக்ஸில் கியர் ஆயில் ஊற்றுவதுதான் முறை என்று தோன்றும். ஓவர்டிரைவ் என்ற கூடுதல் வேக கியர் உள்ள பெட்டிக்குத் தயாரிப்பாளர் சொன்னது எஞ்சினுக்கு ஊற்றும் அதே 20டபிள்யூ50 ஆயில். பின் ஆக்ஸிலுக்குத்தான் ஈபி 90. ஜிஎல் 5 தர கியர் ஆயில்களில் சேர்க்கும் வேதிப்பொருள்களில் சில, பித்தளை, வெண்கல உறுப்புகளை அரிக்கக்கூடியவை என்பதால் பழைய கியர்பாக்ஸில் அதைத் தவிர்ப்பது நல்லது. எஞ்சினிலும் விலை உயர்ந்த நவீன சிந்தெடிக் ஆயில் எப்போதும் மேல் என்று நினைக்க வேண்டியதில்லை. இந்தப் பழைய எஞ்சின்களில் வால்வுகளை இயக்கும் டாப்பெட்டுகள் கேம் ஷாஃப்டின் மேல் நேரடியாகச் சறுக்குவதால், தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகச் சேர்மம் போதிய அளவில் உள்ள ஆயில் வேண்டும். இன்றைய கார்களுக்கான ஆயில்களில் அது குறைக்கப்பட்டுவிட்டது.

பெட்ரோலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை 1999 இறுதியோடு நின்றது. அதனால் கடின வால்வு சீட் (வால்வு வந்து அமரும் வளையம்) பொருத்தாத பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட்களில் நெடுந்தூர வேக ஓட்டத்தில் வால்வு சீட் தேயும். 2021 செப்டம்பரில் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ10 சாதாரண பெட்ரோலாக வந்தது. பழைய ரப்பர் குழாய்களை அது இளகவைத்து விரிசல் விடச் செய்யும் என்பதால், ஈ5 தரத்தில் கிடைக்கும் சூப்பர் வகையைப் போடுவதோடு குழாய்களையும் மாற்றிவிட வேண்டும். கசியும் குழாய்க்குக் கீழே சூடான எக்ஸாஸ்ட் இருக்கிறது என்பதை நினைவில் கொண்டால் இந்தச் செலவைத் தள்ளிப்போட மனம் வராது.

நட்டு போல்ட்டில் அவசரம் காட்டுவது அழிக்க முடியாத சேதத்தைச் செய்யும். போருக்குப் பிந்தைய எம்ஜி டிசி காரின் 1250 சிசி எஞ்சினில் போல்ட்டின் தலைக்கு விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு ஸ்பேனர்தான் பொருந்தும். ஆகவே மரையும் விட்வொர்த் குடும்பத்தைச் சேர்ந்தது என்று எவரும் நினைப்பார். மரையோ மெட்ரிக். அதிலும் 8 மில்லிமீட்டர் போல்ட்டில் இன்றைய கடைச்சரக்கின் 1.25 மில்லிமீட்டர் பிட்சு (மரைக்கு மரை உள்ள இடைவெளி) இல்லை. 1 மில்லிமீட்டர் பிட்சு. இந்த எஞ்சினைத் தந்த மோரிஸ் நிறுவனம் 1923இல் வாங்கிய கவென்ட்ரி எஞ்சின் ஆலை ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துடையது. அங்கிருந்த இயந்திரங்கள் மெட்ரிக் மரையே வெட்டின. தலையை மட்டும் உள்ளூர் ஸ்பேனருக்குப் பொருந்தும்படி செய்தார்கள். கையால் நாலைந்து சுற்று போகாத போல்ட்டை ஸ்பேனரால் இறுக்குவது அந்த எஞ்சினில் நேராக பிளாக்கின் மரையை அழிப்பதாகும்.

மின்சாரக் கோளாறு என்றவுடன் இந்தக் கார்களுக்கு மின்சாரப் பாகங்கள் செய்த லூக்காஸ் நிறுவனத்தைக் கேலி செய்வது இந்த வட்டாரத்தில் ஒரு சடங்கு. அந்தக் கேலிக்குக் கொஞ்சம் நியாயம் இருந்தாலும், பெரும்பாலான கோளாறுகள் களிம்பு பிடித்த எர்த் இணைப்புகளிலும் துருப்பிடித்த புல்லட் கனெக்டர்களிலும்தான் இருக்கின்றன. லூக்காஸ் வயரிங்கில் நிறம் ஒரு மொழி: பழுப்பு என்றால் ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் ஓடும் கம்பி, வெள்ளை என்றால் சாவியைத் திருப்பினால் வருவது, பச்சை என்றால் அதுவே ஃபியூஸ் வழியாக வருவது, கறுப்பு எர்த். கையில் கிடைத்த சிவப்பு ஒயரால் எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டவர், அடுத்து பழுதுபார்ப்பவரிடமிருந்து அந்த மொழியைப் பறித்துவிடுகிறார். 1967 இறுதிவரை வந்த எம்ஜிபியில் பாடியோடு இணைந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. வழக்கப்படி நெகட்டிவ்தான் எர்த் என்று எண்ணிப் புது ரேடியோவையோ ஆல்டர்னேட்டரையோ மாட்டுபவர் அதைக் கருக்கிவிடுவார். வண்டி இழுக்கவில்லை என்றால் உடனே எஸ்யூ கார்புரேட்டரைக் கழற்றும் பழக்கத்தையும் விட வேண்டும். தீப்பொறி தரும் பகுதியிலுள்ள பாயின்ட், கண்டென்சர், ரோட்டார் ஆர்ம் ஆகியவற்றைப் பார்த்த பிறகே அதற்கு முறை வரும்.

வரலாற்று ஆய்வில் நடக்கும் பிழைகள் இவ்வளவு செலவு வைக்காவிட்டாலும் அவற்றைத் திருத்துவது கடினம். முதல் பிழை, பதிவு எண்ணை வைத்துக் காரின் வயதைத் தீர்மானிப்பது. பிரிட்டனில் 1963இல் ஆண்டைக் குறிக்கும் எழுத்து பதிவு எண்ணின் இறுதியில் சேரத் தொடங்கியது. 1967இல் ‘ஈ’ எழுத்து ஜனவரி முதல் ஜூலை வரைதான் ஓடியது, ஆகஸ்டில் ‘எஃப்’ வந்துவிட்டது. இது பதிவான நாளைச் சொல்கிறது. ஆலையிலிருந்து வெளிவந்த நாளைச் சொல்வதில்லை. ஷோரூமில் மாதக்கணக்கில் நின்ற கார்கள் உண்டு. உண்மைத் தேதி வேண்டுமானால் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் காக்கப்படும் உற்பத்திப் பதிவேடுகளிலிருந்து சான்றிதழ் பெற வேண்டும். அதில் கட்டிய தேதி, நிறம், எஞ்சின் எண், அனுப்பிய விற்பனையாளர் போன்ற விவரங்கள் இருக்கும். ஆலை காருக்கு இட்ட எண்ணே பலவற்றைச் சொல்லும்: ஜிஎச்என்3 என்பதில் ‘ஜி’ எம்ஜியையும், ‘எச்’ 1400 முதல் 1999 சிசி வரையிலான எஞ்சினையும், ‘என்’ இரண்டு இருக்கைத் திறந்த காரையும் குறிக்கும், பின்னால் ‘எல்’ இருந்தால் இடப்பக்க ஸ்டியரிங். வலப்பக்க ஸ்டியரிங்கோடு விற்பனைக்கு நிற்கும் எம்ஜிபியின் தகட்டில் அந்த ‘எல்’ இருந்தால், கார் ஒருகாலத்தில் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகித் திரும்பி வந்து மாற்றப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சான்றிதழில் உள்ள எஞ்சின் எண்ணும் காரில் உள்ள எண்ணும் பொருந்தாதபோது ஏமாற்று என்று முடிவு கட்டுவது இன்னொரு பிழை. எம்ஜியைத் தன்கீழ் வைத்திருந்த பிஎம்சி நிறுவனமே ‘கோல்டு சீல்’ என்ற பெயரில், பழைய எஞ்சினை வாங்கிக்கொண்டு புதுப்பித்த எஞ்சினை மாற்றித் தரும் திட்டத்தை நடத்தியது. அவற்றின் எண்கள் வேறு வரிசை. ஆலைப் பந்தயப் பிரிவின் கார் என்று சொல்லி விற்கப்படுவதில் எச்சரிக்கை வேண்டும் என்றாலும், அங்கேயும் எளிய விடை கிடையாது. 1964 மான்டி கார்லோ ராலியில் பேடி ஹாப்கிர்க் வென்ற மினி கூப்பரின் எண் 33 ஈஜேபி. ‘ஜேபி’ பெர்க்ஷயருக்குரிய எழுத்து. பந்தயப் பிரிவு இருந்த அபிங்டன் அப்போது அந்தக் கவுண்டியில் இருந்தது. ஆனால் அங்கே பதிவான எந்தக் காருக்கும் அந்த எழுத்து கிடைத்திருக்கலாம். ஆகவே பெர்க்ஷயர் எண் ஒரு துப்பு மட்டுமே, ஆதாரம் ஆகாது. அந்தப் பிரிவு அடிபட்ட காரின் எண்ணைப் புதிய பாடிக்கு மாற்றிக்கொள்ளும் வழக்கம் உடையது என்பதால் ‘அசல் கார் எது’ என்ற கேள்வியே சிக்கலாகிவிடுகிறது.

வாகனப் பதிவேடுகள் கவுண்டி நிர்வாகங்களிடமிருந்து சுவான்சியிலுள்ள மத்திய அலுவலகத்துக்கு மாறியபோது, 1983க்குள் கணினிப் பட்டியலில் ஏறாத எண்கள் விடுபட்டுப்போயின. பல கவுண்டிகள் தம் புத்தகங்களையும் அழித்துவிட்டன. எஞ்சியவற்றில் சில கவுண்டி ஆவணக் காப்பகங்களிலும் டிராய்ட்விச்சில் கிட்ஹெட் டிரஸ்ட் அமைத்த காப்பகத்திலும் இருக்கின்றன. இழந்த எண்ணை வி765 படிவத்தால் மீட்க முடியும். அப்படி மீட்ட எண்ணை வேறு காருக்கு மாற்றி விற்க முடியாது. இதற்கெல்லாம் தேவைப்படுவது பழைய பழுப்புப் பதிவுப் புத்தகம், பெட்ரோல் நிலைய ரசீது, வரி வில்லைகள், ஆண்டுதோறும் காரைப் பரிசோதித்துத் தரும் எம்ஓடி சான்றிதழ்கள். முன்னவர் கொடுத்த அழுக்குப் பெட்டியைக் குப்பை என்று எறிந்தவர்கள் பின்னர் இவற்றைத் தேடி அலைகிறார்கள். 40 ஆண்டைக் கடந்த, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு 2018 மே முதல் கிரேட் பிரிட்டனில் எம்ஓடி விலக்கு கிடைக்கிறது. ஆனால் சாலைக்குத் தகுதியாக வைத்திருக்கும் பொறுப்பு விலகவில்லை. விலக்கு இருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை தானாகவே பரிசோதிப்பவர், வேறொருவர் கண்ணால் அடிப்பகுதியைப் பார்க்கும் வாய்ப்போடு, காரின் கதையில் தேதியிட்ட ஒரு தாளையும் சேர்த்துக்கொள்கிறார்.

பிரித்துப் போடத் தொடங்கும் முன், ஃபியூஸ் பெட்டிக்கு அடியில் மறைந்திருக்கும் முதல் நிறத்தையும், கதவு அட்டையின் பின்பக்கத்தில் ஆலைத் தொழிலாளி பென்சிலால் எழுதிய எண் இருந்தால் அதையும், ஆலை எண் பொறித்த தகட்டின் ரிவெட்டுகளையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிட வேண்டும். கிரைண்டரும் பெயிண்ட் நீக்கியும் தொட்ட பிறகு அவற்றை எந்தக் காப்பகத்திலும் தேட முடியாது.