சீட்டுக்கட்டும் பன்னிரண்டு பொத்தானும்: 'அனிமல் வேர்ல்ட்' பார்ப்பதற்கு முன் ஒரு செய்முறை

2018-இல் வெளிவந்த 'அனிமல் வேர்ல்ட்' சீனப் படம். அதன் கதை மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றிலிருந்து வந்தது. ஃபுகுமோட்டோ நோபுயுகி 1996-இல் தொடங்கிய 'கைஜி'தான் அந்த மங்கா. கடனில் மூழ்கிய இளைஞன் ஒருவனைக் கப்பலில் ஏற்றிச் சூதாட வைப்பார்கள். வென்றால் கடன் தீரும். இந்த எலும்புக்கூட்டின் மேல் இயக்குநர் ஹான் யான் கோமாளி வேடம், ராட்சதர்கள், ரயிலுக்குள் வாள்சண்டை, கார் துரத்தல், வில்லனாக மைக்கேல் டக்ளஸ் என்று கைக்கு வந்ததையெல்லாம் ஏற்றியிருக்கிறார். இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் நடுவில் நடப்பது கல், காகிதம், கத்தரி விளையாட்டு!

விதிகளைப் படம் வேகமாகச் சொல்லிவிட்டு ஓடும். வசன வரிகளைப் படிப்பதா, திரையைப் பார்ப்பதா என்று புதியவர்கள் திணறுவார்கள். அதனால் முதலில் விளையாடுங்கள், பிறகு பாருங்கள். நான்கு பேர், ஒரு நடுவர், அரை மணி நேரம் போதும்.

படி 1: சீட்டுகளைப் பிரித்தல்

சாதாரணச் சீட்டுக்கட்டு ஒன்றை எடுத்து நான்கு ராஜாக்களையும் ஒதுக்கிவிடுங்கள். ஏஸ், 2, 3, 4 கல். 5 முதல் 8 வரை காகிதம். 9, 10, ஜாக்கி, ராணி கத்தரி. ஆளுக்கு ஒரு ஜாதியை (ஸ்பேட், ஹார்ட் போல) கொடுத்தால் ஒவ்வொருவர் கையிலும் நான்கு கல், நான்கு காகிதம், நான்கு கத்தரி, ஆகப் பன்னிரண்டு சீட்டு இருக்கும். கப்பலிலும் இதே கணக்குதான். எட்டுப் பேர் என்றால் இரண்டு கட்டு வேண்டும். பின்பக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

கப்பலில் பணயமாக வைக்கும் நட்சத்திரத்துக்குப் பதில் ஆளுக்கு மூன்று சட்டைப் பொத்தான்.

படி 2: எண்ணிக்கைப் பலகை

இதைத் தவிர்த்துவிடாதீர்கள், ஆட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு பெரிய தாளில் கல் 16, காகிதம் 16, கத்தரி 16 என்று எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் பயன்படுத்திய இரண்டு சீட்டுகளை நடுவர் வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, எண்ணைக் குறைப்பார். யார் கையில் என்ன இருக்கிறது என்று பலகை சொல்லாது. மொத்தத்தில் என்ன மிச்சம் என்பதை மட்டும் சொல்லும்.

படி 3: விதிகள்

இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆளுக்கொரு சீட்டைக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். கல் கத்தரியை வெல்லும், கத்தரி காகிதத்தை வெல்லும், காகிதம் கல்லை வெல்லும். தோற்றவர் வென்றவருக்கு ஒரு பொத்தான் கொடுப்பார். சமம் என்றால் பொத்தான் இடம் மாறாது, சீட்டு மட்டும் செலவாகும். நேரம் முடியும்போது குறைந்தது மூன்று பொத்தானும் காலிக் கையும் இருப்பவரே தப்பித்தவர். சீட்டைத் தூக்கி எறியக் கூடாது. பிறரிடம் கொடுக்கலாம், மாற்றலாம், பேரம் பேசலாம். மங்காவில் இதற்கு நான்கு மணி நேரம் கொடுப்பார்கள். அவ்வளவு நேரம் உட்கார்ந்தால் வீட்டில் சமையல் நடக்காது.

நான் சேர்த்த விதி ஒன்று: பொத்தான் தீர்ந்தவர் வெளியேறும்போது அவருடைய மிச்சச் சீட்டுகள் அவரை வீழ்த்தியவரின் கைக்குப் போகும். வெற்றியோடு சுமையும் சேர்ந்து வரும்.

படி 4: முதல் ஆட்டம்

யோசிக்காமல் ஆடி முடியுங்கள். பத்து நிமிடத்துக்குள் சிக்கல் புரிந்துவிடும். பயந்து ஒதுங்கியிருந்தவர் கையில் கடைசியில் ஆறு சீட்டு இருக்கும், மோத எதிரில் ஆளிருக்காது.

படி 5: பலகையைப் படித்தல்

இரண்டாவது ஆட்டத்தில்தான் சுவாரசியம் தொடங்குகிறது. ஆட்டம் முடியும் தறுவாயில் பலகை கல் 6, காகிதம் 5, கத்தரி 1 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் ஒரு கல், இரண்டு காகிதம். அப்படியானால் மற்றவர்களிடம் கல் 5, காகிதம் 3, கத்தரி 1, மொத்தம் ஒன்பது. காகிதத்தை வைத்தால் ஐந்து சீட்டுகளை வெல்லும், மூன்றோடு சமம், ஒன்றிடம் மட்டும் தோற்கும். கல்லை வைத்தால் வெல்ல ஒரே ஒரு கத்தரிதான் உண்டு, தோற்க மூன்று காகிதம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகூட காகிதம் என்று சொல்லிவிடும்.

அவசரப்படாதீர்கள். அதே பலகையை எல்லோரும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காகிதம் வைத்திருப்பவர் தெம்பாக நடமாடுவார் என்பது அந்த ஒற்றைக் கத்தரிக்காரருக்கும் தெரியும். தெம்பாக வருகிறவரைத் தேடித்தான் அவர் காத்திருக்கிறார். ஆகவே எந்தச் சீட்டை வைப்பது என்பதைவிட யாரோடு மோதுவது என்பது பெரிய கேள்வி. கல்லை மட்டுமே சுமந்துகொண்டு முகம் வாடி நிற்பவர் யார் என்று கண்டுபிடியுங்கள். அவரே உங்களுக்கு ஏற்ற எதிராளி. அவராக வந்து ஆவலோடு அழைத்தால் சந்தேகப்படுங்கள்.

படி 6: உடன்பாடு

நான்கு பேருக்கு மொத்தம் பன்னிரண்டு பொத்தான்தான். ஒருவரிடம் நான்கு சேர்ந்தால் இன்னொருவரிடம் குறைந்தே தீரும். எல்லோரும் தப்பிக்க வேண்டுமென்றால் எல்லோரும் சரியாக மூன்றோடு முடிக்க வேண்டும். அதற்கு எளிய வழி இருக்கிறது: இருவர் பேசிவைத்துக்கொண்டு ஒரே வரிசையில் சீட்டு வைத்து, பன்னிரண்டு முறையும் சமம் செய்துவிடலாம். யாருக்கும் நட்டமில்லை.

மூன்றாவது ஆட்டத்தில் இதை முயன்று பாருங்கள். பத்தாவது சீட்டு வரும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைக் கவனியுங்கள். படத்திலும் கதாநாயகனிடம் ஒருவர் இதே யோசனையோடு வருவார். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

படி 7: படம்

இப்போது படத்தைப் போடுங்கள். சீன ஒலியும் வசன வரிகளும் போதும், மொழிமாற்று ஒலி வேண்டாம். கதாநாயகனாக லி யிஃபெங், அவனைக் கைவிடாத செவிலியாக ஜோ டோங்யூ.

கப்பல் வருவதற்கு முன்புள்ள பகுதி கொஞ்சம் நீளம்தான். அவன் மனம் கொதிக்கும்போதெல்லாம் சுற்றியிருப்பவர்கள் ராட்சதர்களாகிவிடுகிறார்கள், அவன் கோமாளியாக மாறி வெட்டிச் சாய்க்கிறான். கதைக்கு இது எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை; ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. ஹான் யானின் கை இப்படித்தான் போகும். 2015-இல் புற்றுநோயாளிப் பெண் ஒருவர் வரைந்த சித்திரக்கதையைப் படமாக்கியபோதும் இடையிடையே கற்பனைக்குள் புகுந்து விளையாடியிருந்தார்.

கப்பலின் கூடத்துக்குள் நுழைந்ததும் கவனம் சிதறாமல் பாருங்கள். கதாநாயகனின் மனக்கணக்கைப் படம் வரைகலையாகத் திரையிலேயே விரித்துக் காட்டும். நீங்கள் தாளில் குறைத்துக்கொண்டே வந்த அதே கணக்கு என்பதால், அவன் முடிவெடுப்பதற்கு முன்பே நீங்கள் எடுத்திருப்பீர்கள். அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரிடம் பந்தயம் கட்டுவது கூடுதல் வேடிக்கை.

பிடித்துப்போனால் அடுத்து 2007-இல் வந்த 'கைஜி' ஜப்பானிய அனிமேஷன் தொடரைப் பாருங்கள். அதே கப்பலாட்டத்தை நிதானமாகப் பல பகுதிகளில் ஆடுவார்கள். ராட்சதர்கள் கிடையாது, வியர்வை மட்டும்தான். ஃபுஜிவாரா தட்சுயா நடித்த 2009-ஆம் ஆண்டு ஜப்பானியப் படம் இந்த ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு வேறு சூதாட்டங்களுக்குப் போய்விடும் என்பதால், அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். சிறு பிள்ளைகளுக்குச் சீட்டாட்டம் மட்டும் போதும், வாள்சண்டைகளில் ரத்தம் அதிகம்.