சீட்டுக் கலைக்கும் காட்சியை அனிமேஷனாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேசினோ மேசையில் டீலர் சீட்டுக் கலைக்கும் காட்சியை முதன்முதலாகக் கணினியில் செய்து முடித்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. சீட்டுக்கட்டை இரண்டாகப் பிரித்து, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று மாறி மாறி விழவைத்து, அதே அசைவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தேன். டீலராக வேலை பார்த்த ஒருவரிடம் காட்டினேன். மூன்றாவது சுற்றிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். "மேலே இருக்கும் ஸ்பேட் ஏஸ் நகரவே இல்லையே, கவனித்தீர்களா?" என்று கேட்டார்.

அவர் கண்ணில் பட்டது சரிதான். கட்டைச் சரியாக 26, 26 என்று பிரித்து ஒன்றுவிட்டு ஒன்றாகச் செருகுவதற்கு ஃபேரோ என்று பெயர். மேல் பாதியின் முதல் சீட்டு மேலேயே நிற்கும்படி செருகினால், முதல் சீட்டும் கடைசிச் சீட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதையே 8 முறை செய்தால் 52 சீட்டும் தொடங்கிய வரிசைக்கே திரும்பிவிடும். மேல் சீட்டு இரண்டாம் இடத்துக்கு இறங்கும்படி செருகினால் திரும்பி வர 52 முறை ஆகும். மந்திர வித்தைக்காரர்கள் நெடுநாள் பழகிக் கைக்கொண்டுவரும் துல்லியம் அது. கலைத்தலைக் காட்ட நினைத்த நான், எதையும் கலைக்காத ஓர் அசைவைக் காட்டியிருந்தேன்.

அன்றிலிருந்து ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். சீட்டுகளின் வரிசையை முதலில் கணக்கிட்டுவிட வேண்டும். அசைவு அந்த வரிசைக்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டும். பிளெண்டர், யூனிட்டி போன்ற எந்த மென்பொருளில் செய்தாலும் பெரிய தவறுகள் எல்லாம் வரிசையும் காட்சியும் தனித்தனி வழியில் போய்விடும் இடத்தில்தான் நேர்கின்றன.

ரிஃபிளைக் கடிகாரம்போல் செய்வது

கட்டை இரண்டாகப் பிரித்து, இரு பாதியின் விளிம்புகளையும் விரலால் விடுவித்து ஒன்றோடொன்று பின்னவிடும் கலைப்புக்கு ரிஃபிள் என்று பெயர். மனிதக் கை ரிஃபிள் செய்யும்போது கட்டு சரிபாதியாகப் பிரிவதில்லை. ஒருமுறை 24, 28 என்றிருக்கும். அடுத்த முறை 27, 25. சீட்டுகளும் ஒன்றொன்றாக மாறி மாறி விழுவதில்லை. சில இடங்களில் இரண்டு மூன்று சேர்ந்தே விழும். இதைக் கணக்கில் பிடிக்கும் மாதிரி ஒன்று உண்டு. எட்கர் கில்பர்ட்டும் கிளாட் ஷானனும் 1955-லும், தனியாக ஜிம் ரீட்ஸ் 1981-லும் வகுத்ததால் மூவர் பெயராலும் அது வழங்குகிறது.

நிரலில் எழுத அது மிக எளிது. 52 முறை பூவா தலையா போட்டு, 0 அல்லது 1 என்று ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலில் எத்தனை 0 இருக்கிறதோ அத்தனை சீட்டு மேல் பாதி. பிறகு பட்டியலை மேலிருந்து படியுங்கள்: 0 வந்தால் மேல் பாதியின் அடுத்த சீட்டு, 1 வந்தால் கீழ்ப் பாதியின் அடுத்த சீட்டு. அவ்வளவுதான்.

8 சீட்டில் செய்து பார்ப்போம். பட்டியல் 0 1 1 0 1 0 0 1 என்று வந்தது. நான்கு 0 இருப்பதால் 1 முதல் 4 வரை ஒரு பாதி, 5 முதல் 8 வரை மறு பாதி. புதிய வரிசை 1, 5, 6, 2, 7, 3, 4, 8. இந்தச் சின்னப் பட்டியல் வரிசையையும் தருகிறது, அனிமேஷனுக்கான நேரக்கோட்டையும் தருகிறது. எந்தக் கையிலிருந்து எப்போது சீட்டு விழ வேண்டும் என்று ஒவ்வோர் இலக்கமும் சொல்லிவிடுகிறது.

ஆனால் இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். பட்டியல் மேலிருந்து கீழாக எழுதப்பட்டிருக்கிறது. மேசையில் சீட்டு விழுவதோ கீழிருந்து மேலாக. முதலில் விழுவது 8. அடுத்து மறு கையிலிருந்து 4, 3 இரண்டும் சேர்ந்து. பிறகு 7, பிறகு 2, பிறகு 6, 5, கடைசியாக 1. பட்டியலைக் கடைசியிலிருந்து படிக்க மறந்தால் காட்சியில் உருவாகும் கட்டும் நிரலில் இருக்கும் கட்டும் வேறு வேறாகிவிடும். யாராவது ஒரு ஃபிரேமில் நிறுத்திப் பார்க்கும்வரை அது வெளியே தெரியாது. என் கணிப்பில் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு இதுவே.

தேர்ந்த டீலரின் கை இந்த மாதிரியைவிடச் சுத்தமாக இருக்கும். ஒற்றைச் சீட்டாக விழுவது அதிகம். புதிதாகக் கற்பவரின் கையில் கொத்துக் கொத்தாக விழும். முந்தைய இலக்கமே மறுபடி வரும் வாய்ப்பைச் சற்றுக் குறைத்தால் அனுபவசாலியின் கை கிடைக்கும், கூட்டினால் கற்றுக்குட்டியின் கை கிடைக்கும். கதாபாத்திரத்துக்கு ஏற்ற கையைத் தருவதற்கு இந்த ஒரே ஓர் எண் போதும்.

எதைக் காட்டுகிறோம் என்று முடிவு செய்யாமலே தொடங்குவது

இரண்டு வகை மென்பொருள்கள் உண்டு. ஒன்றில் கலைத்தலே பொருள்: டீலர் பயிற்சி, கணித விளக்கம், கலைக்கும் முறையை ஆராய்தல் போன்றவை. இன்னொன்றில் ஆட்டம்தான் பொருள். கலைக்கும் காட்சி ஓர் அடையாளம் மட்டுமே. இரண்டையும் குழப்பினால் பார்ப்பவரை ஏமாற்றியதாகிவிடும்.

டேவ் பேயரும் பெர்சி டயகோனிசும் 1992-ல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் பலரும் "ஏழு முறை கலைத்தால் போதும்" என்ற அளவில் கேள்விப்பட்டிருப்பார்கள். முழுச் செய்தி இதைவிடச் சுவையானது. நன்றாகக் கலைந்த கட்டிலிருந்து நம் கட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை 0 முதல் 1 வரை அளந்தால், நான்கு ரிஃபிளுக்குப் பிறகும் அளவு கிட்டத்தட்ட 1-லேயே நிற்கிறது. ஐந்தில் 0.924, ஆறில் 0.614, ஏழில் 0.334, எட்டில் 0.167. அதாவது ஏழு என்பது சரிவு வேகம் எடுத்த பிறகு வரும் ஒரு நியாயமான நிறுத்தம். அங்கே எல்லாம் முடிந்துவிடவில்லை. மேலும் இந்தக் கணக்கு 52 சீட்டை ரிஃபிள் செய்வதற்கு மட்டுமே பொருந்தும். கையில் பிடித்துச் சிறு சிறு கொத்தாக இழுத்துப் போடும் கலைப்புக்கு ஆயிரக்கணக்கான முறை தேவைப்படும்.

ஒரு ரிஃபிளுக்குப் பிறகு கட்டில் அதிகபட்சம் இரண்டு ஏறுவரிசைகள்தான் பின்னிக் கிடக்க முடியும். ஐந்து ரிஃபிளுக்குப் பிறகு அதிகபட்சம் 32. அதனால் தலைகீழாகத் திருப்பிய 52 சீட்டு வரிசையை ஐந்து ரிஃபிளில் யாராலும் உண்டாக்க முடியாது. ஒரே ஒரு ரிஃபிளைக் காட்டிவிட்டு முழுமையாகக் கலைந்த கட்டை விரித்துக் காட்டும் பயிற்சி மென்பொருள், நடக்கவே முடியாத ஒன்றை நடந்ததாகக் காட்டுகிறது. கற்க வந்தவர் அதை நம்பிவிடுவார் என்பதுதான் என் வருத்தம்.

ஆட்டத்துக்கான மென்பொருள் என்றால் வரிசையைத் தனியே முழுத் தற்செயலில் உருவாக்கிக்கொள்ளுங்கள். காட்சியில் சீட்டுகளின் முகத்தை மட்டும் காட்டாதீர்கள். முதுகு மட்டும் தெரிந்தால் காட்சி எந்தப் பொய்யும் சொல்லாது.

தற்செயல் என்று நம்பி எழுதும் நிரல்

கட்டைக் கணினியில் கலைக்க ஃபிஷர்–யேட்ஸ் முறை போதும். ரொனால்ட் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்சும் 1938-ல் காகிதத்தில் செய்வதற்காகச் சொன்னதை, 1964-ல் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் கணினிக்கு ஏற்றபடி மாற்றினார். கடைசி இடத்திலிருந்து தொடங்கி, இன்னும் முடிவாகாத சீட்டுகளில் ஒன்றை மட்டும் தேர்ந்து இடம் மாற்ற வேண்டும். அந்த "இன்னும் முடிவாகாத" என்பதை விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் முழுக் கட்டிலிருந்தும் தேர்ந்தால் சமநிலை போய்விடும். மூன்று சீட்டில் எண்ணிப் பாருங்கள்: 27 வழிகள், 6 வரிசைகள். 27 ஆறால் வகுபடாது. சில வரிசைகளுக்கு 5 வழியும் சிலவற்றுக்கு 4 வழியும் கிடைக்கும்.

ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு: வரிசைப்படுத்தும் கட்டளைக்குள் ஒப்பிடும் இடத்தில் தற்செயல் எண்ணைச் செருகிவிடுவது. 2010-ல் ஐரோப்பாவில் மைக்ரோசாஃப்ட் காட்டிய பிரவுசர் தேர்வுத் திரையில் இந்தக் குறைதான் வெளிப்பட்டது. முன்வரிசையிலிருந்த ஐந்து பிரவுசர்களும் எல்லா இடத்திலும் சமமாக வரவில்லை.

விதை எண்ணில், அதாவது தற்செயல் எண்களை உருவாக்க நிரல் எடுத்துக்கொள்ளும் தொடக்க எண்ணில், நடக்கும் தவறு இன்னும் ஆபத்தானது. 52 சீட்டை அடுக்கும் வழிகளின் எண்ணிக்கை 68 இலக்கம் கொண்டது. 32 பிட் விதையில் தொடங்கும் நிரல் எவ்வளவு முயன்றாலும் சுமார் 430 கோடி வரிசைகளுக்கு மேல் தர முடியாது. 1999-ல் ஓர் ஆன்லைன் போக்கர் மென்பொருள், நேர்மையைக் காட்டுவதற்காகத் தன் கலைக்கும் நிரலை வெளியிட்டது. நள்ளிரவிலிருந்து கடந்த மில்லி விநாடிகளை அது விதையாகக் கொண்டிருந்தது. ஒரு நாளில் அவை 8 கோடியே 64 லட்சம்தான். சர்வரின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தைப் பொருத்திய ஆய்வாளர்கள் அதைச் சுமார் 2 லட்சமாகக் குறைத்தார்கள். கையிலிருக்கும் இரண்டு சீட்டும் மேசையில் விரிந்த மூன்றும் தெரிந்ததும் மற்றவர்களின் கைகள் வெளிச்சமாகிவிட்டன. பணம் வைத்து ஆடும் எதிலும் இயங்குதளம் தரும் பாதுகாப்பான தற்செயல் எண்ணையே பயன்படுத்த வேண்டும்.

அனிமேஷனுக்கோ நேர்மாறான தேவை. ரெண்டரை (கணினி படங்களை வரைந்து முடிக்கும் வேலையை) பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் அதே வரிசை வர வேண்டும். அதற்கு நிலையான விதை வேண்டும். இதில் என்னைப் பலமுறை அலைக்கழித்த ஒரு தவறு உண்டு. சீட்டுகள் இயல்பாகத் தெரிய, அவற்றை அரை மில்லிமீட்டர் அங்குமிங்கும் விலக்கி வைப்போம். அந்த விலகலுக்கும் வரிசைக்கும் ஒரே தற்செயல் ஊற்றைப் பயன்படுத்தினால், விலகலை ஒரு சீட்டுக்குக் கூட்டியதும் கட்டின் வரிசையே மாறிவிடும். இரண்டுக்கும் தனித்தனி ஊற்று வையுங்கள்.

கண்ணில் உறுத்துபவை

ஒரு சீட்டின் தடிமன் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர், 52 சீட்டும் சேர்ந்தால் 15, 16 மில்லிமீட்டர் உயரம். தடிமனே இல்லாத தாள்களை ஒரே மட்டத்தில் அடுக்கினால் எது மேலே என்று கணினிக்குத் தெரியாமல் பரப்பு மினுமினுக்கும். நான்கே முனைகள் கொண்ட சீட்டு வளையாது. ரிஃபிளின் உயிரே அந்த வளைவில் இருப்பதால் நீளவாக்கில் பத்துப் பன்னிரண்டு பிரிவுகளாவது வேண்டும். சுழலும் மையம் சீட்டின் நடுவில் இருந்தால் சீட்டு விசிறிபோல் சுற்றும். கட்டைவிரல் விடுவிக்கும் விளிம்புக்கு எதிர்விளிம்பில் மையம் இருக்க வேண்டும்.

52 சீட்டும் ஒரு விநாடியில் விழுகின்றன என்றால், 24 ஃபிரேமில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இரண்டுக்கு மேல். எனவே ஒவ்வொரு சீட்டுக்கும் முழு ஃபிரேம் எண்ணில் கீஃபிரேம் (அசைவின் நிலையைக் குறிக்கும் புள்ளி) வைக்காதீர்கள். ஃபிரேமின் பின்னத்தில் வையுங்கள், அசைவு மங்கலையும் போடுங்கள். இயற்பியல் சிமுலேஷனிடம் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்ற ஆசை வேண்டாம். மெல்லிய பொருள்கள் ஒன்றையொன்று ஊடுருவும், அதிரும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் கணக்கிட்ட வரிசையை அது மதிக்காது.

மேசை வழக்கத்தை மறப்பது

வீட்டில் ஆடுபவர்கள் ரிஃபிளுக்குப் பின் சீட்டுகளைப் பாலம்போல் வளைத்துச் சரசரவென்று விழவிடுவார்கள். கேசினோ டீலர் அப்படிச் செய்வதில்லை, ஏனெனில் முகங்கள் வெளியே தெரிந்துவிடும். அவர் கட்டை மேசையோடு ஒட்டி வைத்து, மூலைகளை மட்டும் சற்றே தூக்கி, பின்னிய சீட்டுகளை உள்ளே தள்ளிச் சேர்த்துவிடுவார். போக்கர் மேசையில் ஒரு கட்டுக்குப் பொதுவான வரிசை: முதலில் சீட்டுகளைக் கவிழ்த்துப் பரப்பி இரு உள்ளங்கையாலும் சுழற்றும் வாஷ், பிறகு இரண்டு ரிஃபிள், ஒரு ஸ்ட்ரிப், மீண்டும் ஒரு ரிஃபிள், கடைசியாக வெட்டு. ஸ்ட்ரிப்பை வெட்டைப்போலச் செய்துவிடுகிறார்கள். அது தவறு, மேலிருந்து கொத்துக் கொத்தாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதால் கொத்துகளின் வரிசை தலைகீழாகும், கொத்துக்குள் இருக்கும் வரிசை மாறாது.

ஆறு கட்டு என்றால் 312 சீட்டு, எட்டு என்றால் 416. அத்தனையையும் யாரும் ஒரே பிடியில் ரிஃபிள் செய்ய முடியாது. இரண்டு குவியலாக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிடி எடுத்து ரிஃபிள் செய்து மூன்றாவது குவியலில் வைப்பார்கள். ஆகவே ஒரு சீட்டு தன் சுற்றுவட்டாரத்தை விட்டு வெகுதூரம் போவதில்லை. மொத்தத்தையும் ஒரே கட்டாகக் கலைக்கும் நிரல் இந்த உண்மையை அழித்துவிடுகிறது.

செய்து முடித்ததும் கண்ணை நம்பாமல் எண்ணிப் பாருங்கள். தொடக்கத்தில் அடுத்தடுத்து இருந்த சீட்டுகளில் எத்தனை சோடி இன்னும் அதே வரிசையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன? முழுமையாகக் கலைந்த 52 சீட்டில் சராசரியாக ஒன்றே ஒன்று. ஒரு ரிஃபிளுக்குப் பிறகு சுமார் 25, இரண்டுக்குப் பிறகு 13 அளவில், மூன்றுக்குப் பிறகும் ஆறுக்கு மேல். உங்கள் அனிமேஷனின் கடைசி ஃபிரேமிலிருந்து சீட்டுகளின் உயரத்தை எடுத்து வரிசைப்படுத்தி இந்த எண்ணைப் பெறலாம்; நிரலின் எண்ணோடு ஒத்துவந்தால் காட்சி உண்மை சொல்கிறது. பத்துத் தட்டுகள் கொண்ட ஒரு கலைக்கும் இயந்திரத்தை டயகோனிஸ், ஃபுல்மன், ஹோம்ஸ் மூவரும் ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டபோதும் இப்படித்தான் ஓர் எளிய எண்ணிக்கை அதன் குறையைக் காட்டிக்கொடுத்தது. சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிக்கொண்டே அடுத்ததை ஊகிக்கச் சொன்னால், நன்றாகக் கலைந்த கட்டில் சராசரியாக 4.5 சீட்டைச் சரியாகச் சொல்லலாம். அந்த இயந்திரம் கலைத்த கட்டில் 9.5.

இன்னும் ஒரு சின்ன விஷயம். கட்டை வைத்ததும் டீலர் கைகளைத் தட்டி, உள்ளங்கைகளை மேலே திருப்பிக் காட்டிவிட்டுத்தான் மேசையை விட்டுக் கையை எடுப்பார். அரை விநாடி, 12 ஃபிரேம். நான் பார்த்த அனிமேஷன்களில் பெரும்பாலானவை அதற்கு முன்பே வெட்டப்பட்டிருந்தன.