கடற்பீச்சிக்குப் பெயர் எழுதும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிலாங்கூரில் எங்கள் ஊர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்றுதான் இருக்கிறது. பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை. இரண்டும் ஒரே ஊர் என்று இங்கே எந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் போர்ட் டிக்சன் பக்கம் போய், படகுத்துறைக் கயிற்றில் ஒட்டியிருந்த கடற்பீச்சித் துண்டு ஒன்றைச் சுரண்டி வந்து, அதற்கு அறிவியல் பெயர் எழுத உட்கார்ந்ததும், ஓர் உயிருக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும் என்பதை அதே பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். நான்காம் படிவ மாணவர்களின் அறிவியல் அறிக்கைகளில் ஆண்டுதோறும் ஒரே தவறுகள் திரும்பி வருகின்றன. இந்தத் துறையில் பழகியவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் செய்தவைதாம் அவை.

பெயரைச் சாய்வெழுத்தில் போடாதது, பேரினத்தின் (அறிவியல் பெயரின் முதல் சொல்) முதல் எழுத்தைச் சிறிதாக எழுதியது போன்றவற்றை ஆசிரியரே சிவப்பு மையில் திருத்திவிடுவார். அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

நட்சத்திரத்தை ஒரு பிராணி என்று எண்ணுவது

கடற்பீச்சி, பை போன்ற உடலும் இரண்டு துளைகளும் கொண்ட உயிர். ஒரு துளையால் நீரை உள்ளே இழுத்து, இரையை வடிகட்டிக்கொண்டு, மறு துளையால் வெளியே விடும். தொட்டால் நீரைப் பீச்சும். கூட்டாக வாழும் பல வகைகளில் ஒவ்வொரு பிராணியும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். அதற்குச் சூவாய்டு என்று பெயர். நூற்றுக்கணக்கான சூவாய்டுகள் ஒரே கூழ்ப் போர்வைக்குள் புதைந்து கிடக்கும். பொட்ரிலஸ் பேரினத்தில் அவை பூவிதழ்போல வட்டமாக, நட்சத்திர வடிவில் அடுக்கி நிற்கும். இதழின் வெளி நுனியில் இருப்பது அந்தச் சூவாய்டின் சொந்த வாய். நடுவில் இருக்கும் ஓட்டை எல்லாருக்கும் பொதுவான கழிவாய்.

ஆகவே ஒரு நட்சத்திரம் என்பது ஒரு குடும்பம். அறிக்கையில் ‘மூன்று பிராணிகள் கிடைத்தன’ என்று எழுதுகிறவர் மூன்று நட்சத்திரங்களை எண்ணியிருப்பார். பெரிய அறிஞர்களும் இங்கே தடுமாறியவர்களே. டச்சு மருத்துவர் ஷ்லோசர் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்தில் இதைக் கண்டு, பவளம் போன்ற சதைப்பொருள் என்று எழுதிய கடிதம் 1750களில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. நட்சத்திரம் முழுவதும் ஒரே பிராணி, இதழ்கள் அதன் கைகள் என்றுதான் அன்றைக்கு எண்ணினார்கள். 1766இல் விலங்கியலாளர் பல்லாஸ் இதை மென்பவளங்களின் பேரினமான அல்சியோனியத்தில் வைத்துப் பெயரிட்டதற்கும் அந்த எண்ணமே காரணம். ஒவ்வோர் இதழும் தனிக் கடற்பீச்சி என்பது 1816இல் பிரெஞ்சு விலங்கியலாளர் சாவிஞ்ஞியின் நூல் வந்த காலத்தில்தான் தெளிவானது. பின்னர் 1866இல் ரஷ்ய விலங்கியலாளர் கொவலெவ்ஸ்கி கடற்பீச்சி லார்வாவின் வாலில் முதுகுநாண் (முதுகெலும்புக்கு முன்னோடியான தண்டு) இருப்பதைக் காட்டினார். பவளத்தோடு சேர்த்து வைத்த உயிர், நம் பக்கத்து உறவு என்று ஆனது.

அடைப்புக்குறியை அலங்காரம் என்று நினைப்பது

பொட்ரிலஸ் ஷ்லோசெரி (பல்லாஸ், 1766) என்று எழுத வேண்டும். ஆசிரியர் பெயரைச் சுற்றி அடைப்புக்குறி இருந்தால், அந்த இனம் முதலில் வேறு பேரினத்தில் பெயர் பெற்று பிறகு இடம் மாறியது என்று பொருள். பல்லாஸ் வைத்தது அல்சியோனியம் ஷ்லோசெரி. பொட்ரிலஸ் என்ற பேரினம் 1774இல் கேர்ட்னர் பெயரில் வந்தது. டிடெம்னம் வெக்சில்லம் கோட், 2002 என்பதற்கு அடைப்புக்குறி கிடையாது. பெட்ரீஷியா கோட் வைத்த பேரினத்திலேயே அது இன்றும் இருக்கிறது. குறியை எடுத்தாலோ சேர்த்தாலோ வரலாறு மாறிவிடும். இன்னொன்று: ஷ்லோசர் கண்டவர், பெயர் வைத்தவர் பல்லாஸ். ‘ஷ்லோசர் பெயரிட்டார்’ என்று எழுதாதீர்கள்.

பெயர் பிறந்த இடத்தைத் தாயகம் என்று எடுத்துக்கொள்வது

மற்ற தவறுகளை ஒரு கோடு போட்டுத் திருத்திவிடலாம். இந்தத் தவறு மட்டும் அறிக்கையின் முடிவுரை வரை புகுந்து எல்லாவற்றையும் கோணலாக்கும். உலக அளவில் இதற்குக் கொடுத்த விலையும் அதிகம். இவ்வளவு தெரிந்த பிறகும் ‘முதன்முதலில் இன்ன நாட்டில் விவரிக்கப்பட்டது, எனவே இன்ன நாட்டு உயிர்’ என்ற வரியைப் பார்க்கும்போது எரிச்சல் வராமல் இருப்பதில்லை.

நடந்ததைப் பாருங்கள். 2001இல் நியூசிலாந்தின் வங்கமாட்டா துறைமுகத்தில் படகுகளின் அடியிலும் கயிறுகளிலும் வெளிர்மஞ்சள் நிறத்தில், மெழுகு வழிந்து உறைந்ததுபோல ஒன்று தொங்கியது. 2002இல் கோட் அதற்கு டிடெம்னம் வெக்சில்லம் என்று பெயர் வைத்தார். வெக்சில்லம் என்றால் லத்தீனில் கொடி. அது நியூசிலாந்துக்கே உரியது என்பது அவர் முடிவு. அதே காலத்தில் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலும் ஐரோப்பாவிலும் இதே தோற்றத்தில் ஒன்று பாறையையும் மட்டியையும் மூடி வளர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்கக் கரையில் கிடைத்ததற்கு 2004இல் அவரே டிடெம்னம் வெஸ்டம் என்று வேறொரு பெயர் கொடுத்து, அதை அந்தக் கரையின் இனமாக எழுதினார். மற்றவர்கள் பழைய ஏடுகளைப் புரட்டி, அருகில் இருந்த பெயர்களை ஒட்டினார்கள்: ஒரு கரையில் லாஹில்லெய், இன்னொரு கரையில் கார்னுலென்டம். பெயர் தெரியாதவர்கள் ‘டிடெம்னம் எஸ்பி.’ (இனம் தெரியாத டிடெம்னம்) என்று எழுதினார்கள். பின்னால் பார்த்தால், கடைசியாகச் சொன்னவர்கள்தான் குறைவாகத் தவறியிருக்கிறார்கள்.

உள்ளூர் உயிர் என்றால் அதை யாரும் விரட்டமாட்டார்கள். வந்தேறி என்றால் முதல் மாதத்திலேயே கை வைக்க வேண்டும். நியூசிலாந்தில் இந்தக் கேள்வி தீராமல் இருந்தபோதே அது ஒரு பார்ஜின் (தட்டையான சரக்குப் படகு) அடியில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்து, தென்தீவின் வடமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இருப்பவை பச்சை மட்டிப் பண்ணைகள். பிறகு எடுத்த ஒழிப்பு முயற்சிகள் வெல்லவில்லை. அமெரிக்கக் கரைக்கு அப்பால் ஜார்ஜஸ் பேங்க் கடலடித் திட்டில் 230 சதுர கிலோமீட்டர் பரப்பில் இது பதிவானது.

2009இல் கடற்பீச்சி ஆய்வாளர் கிரெட்சன் லாம்பர்ட் பல நாட்டு அருங்காட்சியகக் குப்பிகளைத் திறந்து, சூவாய்டுகளையும் லார்வாக்களையும் ஒப்பிட்டு, எல்லாம் ஒன்றே என்று காட்டினார். அதே ஆண்டு மரபணு ஆய்வும் அதையே சொன்னது. ஜப்பானின் முட்ஸு விரிகுடாவில் 1926இல் எடுத்த ஒரு மாதிரியும் இதே இனமாக இருந்தது. 2012இல் வந்த மரபணு ஆய்வும் ஜப்பான் பக்கத்தையே தாயகமாகக் காட்டியது. நியூசிலாந்தில் பெயர் பெறுவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே ஜப்பானியக் குப்பியில் அது பெயரில்லாமல் கிடந்திருக்கிறது.

ஜப்பான் உயிர் என்று தெரிந்ததும் பெயர் மாறியதா? இல்லை. விலங்கியல் பெயர்ச்சட்டம் தாயகத்தைப் பார்ப்பதில்லை; முந்தி வெளியான பெயரைப் பார்க்கிறது. 2002 முந்தியது, 2004 பிந்தியது. வெக்சில்லம் நின்றது, வெஸ்டம் இணைப்பெயரானது, அதாவது அதே இனத்துக்குப் பிந்தி வந்த பெயரானது. இந்தக் கட்டத்தில் மாணவர்கள் இரண்டாவது தவறைச் செய்கிறார்கள்: தாயகம் தவறு என்பதால் பெயரும் செல்லாது என்று எழுதிவிடுகிறார்கள். பெயர் வேறு, தாயகம் வேறு. வகைமாதிரி (எந்த மாதிரியை வைத்துப் பெயர் சூட்டினார்களோ அது) எடுத்த இடத்தைத் தனி வரியில் எழுதுங்கள். தாயகத்தை இன்னொரு வரியில், என்ன சான்று என்பதோடு எழுதுங்கள். சான்று இல்லையென்றால் அந்த வரியைக் காலியாக விடுங்கள்.

இதைப் புரிந்துகொள்ள நமக்குக் கடல்வரை போக வேண்டியதில்லை. வாசலில் நிற்கும் செம்பனை போதும். அதற்கு எலெயிஸ் கினீன்சிஸ் என்று 1763இல் ஜாக்வின் பெயர் வைத்தார். அவர் பார்த்து விவரித்தது மேற்கிந்தியத் தீவான மார்ட்டினிக்கில் வளர்ந்த மரத்தை. அதை வைத்துச் செம்பனை மார்ட்டினிக் மரம் என்று யாராவது சொல்வோமா? அது மேற்கு ஆப்பிரிக்க மரம். 1848இல் நான்கு கன்றுகள் ஜாவாத் தீவின் போகோருக்கு வந்தன. 1917இல் இங்கே பக்கத்தில், தென்னமரம் தோட்டத்தில், நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. பலகையில் தென்னை, நிலத்தில் செம்பனை, விவரித்த இடம் மார்ட்டினிக், தாயகம் ஆப்பிரிக்கா: நான்கையும் குழப்பாமல் இந்த ஊர்ப் பிள்ளைகளால் சொல்ல முடியும். கடற்பீச்சிக்கும் அதே கணக்குதான்.

நிறம்

நிறத்தைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள்.

இந்த ஒரு வரியைக் கேட்டிருந்தால் பொட்ரிலஸ் ஷ்லோசெரிக்கு இத்தனை இணைப்பெயர்கள் சேர்ந்திருக்காது. பொட்ரிலாய்டிஸ் வயலேசியஸ் என்றால் ஊதா என்று பொருள். ஆனால் ஆரஞ்சு, மஞ்சள், சிவப்புக் கூட்டங்களும் அதில் சர்வசாதாரணம். வெள்ளைப் படலம் என்றாலே டிடெம்னம் கண்டிடம் என்று எழுதும் பழக்கமும் அப்படித்தான். சாவிஞ்ஞி செங்கடல் மாதிரிக்கு வைத்த அந்தப் பெயரை உலகம் முழுவதும் வெள்ளையாகக் கண்டதற்கெல்லாம் ஒட்டிவிட்டார்கள்.

பார்க்க வேண்டியவை வேறு. சூவாய்டுகள் வட்டமாக நின்றால் பொட்ரிலஸ் பக்கம் தேடுங்கள். ஏணிபோல இரு வரிசையாக நீண்டால் பொட்ரிலாய்டிஸ் பக்கம். போர்வைக்குள் நட்சத்திர வடிவச் சுண்ணாம்பு முட்கள் இருந்து, செவுள் துளைகள் நான்கு வரிசையாகவும் விந்துக்குழாய் விரைமேல் சுருள் சுற்றியும் இருந்தால் டிடெம்னம். மூன்று வரிசை என்றால் டிரைடிடெம்னம். முள்ளே இல்லாமல், நான்கு வரிசையும் சுருளாத குழாயும் என்றால் டிப்லோசோமா. இன்னொரு எச்சரிக்கை: பொட்ரிலஸ் கூட்டத்தில் ஏறத்தாழ வாரம் ஒருமுறை பழைய சூவாய்டுகள் எல்லாம் ஒன்றாகக் கரைந்து, மொட்டுகள் அவற்றின் இடத்தைப் பிடிக்கும். அந்த நாளில் எடுத்த மாதிரியில் நட்சத்திரம் குலைந்து கிடக்கும். புது இனம் என்று பதற வேண்டாம்.

ஈற்றெழுத்தைத் தன் விருப்பத்துக்குத் திருத்துவது

ஒரே வீட்டில் அண்ணன் பெயர் ‘ஒய்’ எழுத்தில் முடியும், தம்பி பெயர் ‘ஐ’ எழுத்தில் முடியும். பிறப்புப் பத்திரத்தில் எழுதியவர் எப்படி எழுதினாரோ அதுவே அடையாளக் கார்டுவரை வரும். இங்கும் அப்படியே. பொட்ரிலாய்டிஸ் லீச்சியை என்பதன் ஈற்றில் இரண்டு ‘ஐ’ எழுத்துகள். ஒன்றை வெட்டக் கூடாது. சட்டம் மாற்றச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. இனப்பெயர் பெயரடையாக இருந்தால் பேரினத்தின் பாலுக்கு ஏற்ப ஈறு மாறும். பொட்ரிலாய்டிஸ் ஆண்பால் என்பதால் ஹெர்ட்மன் 1886இல் வைத்த நைக்ரம் இன்று நைகர். வெக்சில்லம் பெயர்ச்சொல், எந்தப் பேரினத்துக்குப் போனாலும் ஈறு மாறாது.

மரபணு வங்கி முதலில் காட்டும் பெயரை அப்படியே எடுப்பது

மரபணு வரிசையை வங்கியில் ஏற்றியவர் எழுதிய பெயர்தான் அங்கே இருக்கும். ஆங்கிலக் கால்வாயிலும் மத்தியதரைக் கடலிலும் பொட்ரிலாய்டிஸ் மாதிரிகளைச் சரிபார்த்து 2019இல் வந்த ஆய்வு, லீச்சியை என்று வங்கியில் கிடந்த வரிசைகளில் சில உண்மையில் டியேகென்சிஸ் என்ற வேறோர் இனம் என்று காட்டியது. குப்பியில் மாதிரி இருக்கிறதா, யார் உடற்கூற்றைப் பார்த்தார் என்று தேடுங்கள்.

‘ஷ்லோசெரி’ என்று எழுதிவிட்டு நிறுத்துவது

பல்லாஸ் காலத்து வகைமாதிரி எதுவும் மிஞ்சவில்லை. அந்தப் பெயரின்கீழ் ஏ முதல் இ வரை ஐந்து மரபுக் கிளைகள் கிடந்தன. 2017இல் வெனிஸ் கடற்கழி மாதிரி ஒன்றைப் புதிய வகைமாதிரியாக வெனிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். 2020இல் இ கிளை பிரிந்து பொட்ரிலஸ் கையாயே ஆனது. அதற்கு முந்தைய நூலில் இருந்து தகவல் எடுத்தால், எந்தக் கிளையைப் பற்றியது என்று தெரியாமல் மேற்கோள் காட்டாதீர்கள்.

குப்பியில் போடும் முறை

பாதிப் பெயர்க் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. எடுத்த இடத்திலேயே, அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். திரவத்தில் நிறம் போய்விடும். பிறகு துண்டைக் கடல்நீர்த் தட்டில் விட்டு, மேலே மென்தால் படிகம் தூவி ஒன்றிரண்டு மணி நேரம் வையுங்கள். ஊசி முனையால் தொட்டாலும் துளைகள் மூடாத நிலை வந்த பிறகே அடுத்த வேலை. நேராகத் திரவத்தில் போட்டால் சூவாய்டுகள் சுருங்கி, செவுள் வரிசையை எண்ணவே முடியாது.

ஒரு பாதி 95 விழுக்காடு எத்தனாலில், மரபணுவுக்கு. மறு பாதி ஃபார்மலினில்: கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்கு, கடல்நீர் ஒன்பது பங்கு. இதை ஆசிரியர் கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். போராக்ஸ் சேர்த்து அமிலத்தை முறிக்க மறக்காதீர்கள். மறந்தால் சுண்ணாம்பு முட்கள் கரைந்துபோகும். சில மாதம் கழித்துப் பார்ப்பவர் ‘முள் இல்லை’ என்று டிடெம்னத்தை டிப்லோசோமா ஆக்கிவிடுவார்.

முள்ளைப் பார்க்க, எத்தனால் துண்டிலிருந்து அரிசியளவு வெட்டி, தண்ணீரில் பலமுறை அலசி, பிறகே குளோராக்ஸ் (சலவை வெளுப்பான்) சொட்டு விடுங்கள். எத்தனாலும் ஃபார்மலினும் குளோராக்ஸோடு சேரக் கூடாது, நச்சு உண்டாகும். சதை கரைந்து அடியில் வெள்ளைப் பொடி தங்கும். அதை நீரில் கழுவி, 400 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள்.

சீட்டைப் பென்சிலில் எழுதிக் குப்பிக்கு உள்ளே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். நாள், இடம், ஆழம், எதில் ஒட்டியிருந்தது, எடுத்தவர். இனப்பெயருக்கான இடத்தில், லார்வாவும் விரையும் பார்க்காதவரை, ‘டிடெம்னம் எஸ்பி.’ என்று மட்டும்.